ஆட்டம் முடியட்டும் என்றோம்

(சங்கத்தின் மகளிர் நாள் கூட்டத்தில் செயற்குழுத் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)

 

மகளிர் நாள் கூட்டம் என்றால் ஆண்கள் மேடையேறிப் பெண்களைப் புகழ்ந்துவிட்டு இறங்குவது வழக்கமாகிவிட்டது. தாய் என்கிறோம், தெய்வம் என்கிறோம். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் சோறு ஆறிவிட்டதென்று சத்தம் போடுகிறோம். நான் இன்று யாரையும் புகழ வரவில்லை. ஒரு பழைய கணக்கை எல்லோர் முன்னிலையிலும் வைக்க வந்திருக்கிறேன். அந்தக் கணக்கில் இந்தச் சங்கத்தின் பெயர் இருக்கிறது. என் பெயரும் இருக்கிறது. அதற்கு வருமுன் வேறு சில செய்திகளைச் சொல்ல வேண்டும்.

போன மாதம் நம் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சந்தா வசூலிக்கப் போயிருந்தேன். சுவரில் புதிதாக ஒரு படம் ஒட்டியிருந்தது. ஃபிளாய்ட் மேவெதர் என்ற அமெரிக்கக் குத்துச்சண்டை வீரரின் படம். தொழில்முறைப் பந்தயங்களில் ஐம்பதுக்கு ஐம்பதும் வென்றவர். நம் பிள்ளைகள் ஆசையோடு ஒட்டியிருக்கிறார்கள். கூடத்தைப் பெருக்க வந்த அம்மா என்னிடம், "இவரு யாரு தம்பி?" என்று கேட்டார். "சண்டை போடுறவரும்மா" என்றேன். "யாரோட சண்டை போட்டாரு?" என்று திருப்பிக் கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் அவர் யாரோடெல்லாம் சண்டை போட்டார் என்பது எனக்குத் தெரியும்.

சிறைக்கும் வாய்தா

2010 செப்டம்பரில் லாஸ் வேகாஸ் நகரில், தன் மூன்று குழந்தைகளின் தாயும் முன்னாள் துணைவியுமான பெண்ணை அவர் வீட்டிலேயே போய் அடித்தார் என்று மேவெதர் மீது வழக்கு வந்தது. குழந்தைகள் கண்ணெதிரே நடந்தது. முதலில் பெருங்குற்றப் பிரிவுகளில்தான் வழக்குப் போட்டார்கள். 2011 டிசம்பரில் இரு தரப்பு வழக்கறிஞர்களும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பெரிய பிரிவுகளைக் கைவிடுவது, சிறு குற்றத்தை அவர் ஒப்புக்கொள்வது என்று முடிவாயிற்று. தண்டனை 90 நாள் சிறை.

இதோடு முடியவில்லை. 2012 ஜனவரியில் சிறைக்குப் போக வேண்டியவர், மே 5ஆம் தேதி பந்தயம் இருக்கிறது, அந்தப் பந்தயத்தால் லாஸ் வேகாஸ் நகரத்துக்கே வருமானம் என்று வாதாட வைத்தார். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, சிறைவாசத்தை ஜூன் 1க்குத் தள்ளிவைத்தது. மே 5ஆம் தேதி அவர் மிகேல் கோட்டோவோடு மோதினார். அந்த ஓர் இரவுக்கு அவருக்கு உறுதி செய்யப்பட்டிருந்த தொகை 3 கோடியே 20 லட்சம் டாலர். ஜூன் 1ஆம் தேதி சிறைக்குப் போனார், ஆகஸ்ட் 3ஆம் தேதி வெளியே வந்தார்.

தோழர்களே, வழக்குக்கு வாய்தா கேட்டு நாம் பார்த்திருக்கிறோம். சிறைக்கு வாய்தா கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நம் குடியிருப்பில் சென்ட்ரிங் வேலை செய்யும் ஒருவர், "ஐயா, இந்த மாடி கான்கிரீட் போட்டு முடியட்டும், அப்புறம் உள்ளே வருகிறேன்" என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல முடியுமா? அவர் கட்டுகிற மாடியும் ஊருக்கு வருமானம்தானே?

தொலைபேசியில் திருந்தியவர்

இது புதிதாக வந்த நோயும் அல்ல. ஓ.ஜே. சிம்ப்சன் பெயரை வயதில் மூத்தவர்கள் கேட்டிருப்பீர்கள். அமெரிக்கக் கால்பந்தில் புகழ் பெற்றவர். நாம் காலால் உதைக்கிற பந்தாட்டம் அல்ல அது. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். ஓய்வு பெற்ற பிறகு சினிமா, தொலைக்காட்சி, விளம்பரம் என்று எங்கும் அவர் முகம்தான்.

1989ஆம் ஆண்டு பிறந்த அன்று விடியற்காலையில் அவர் மனைவி நிக்கோல் லாஸ் ஏஞ்சலஸ் போலீசுக்குப் போன் செய்தார். போலீஸ் வந்தபோது, அடிபட்ட முகத்தோடு தோட்டத்துப் புதரிலிருந்து ஓடி வந்தார். இவர் என்னைக் கொல்லப்போகிறார் என்று அலறினார். இதற்கு முன்னும் பல முறை வந்தீர்கள், அவரிடம் பேசிவிட்டுப் போய்விடுகிறீர்கள், ஒன்றும் செய்வதில்லை என்று போலீசாரிடமே முறையிட்டார். வழக்கு நடந்தது. சிம்ப்சன் எதிர்த்து வாதாடவில்லை. சிறை கிடையாது. இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 200 டாலர் அபராதம், பெண்கள் காப்பகத்துக்கு 500 டாலர், 120 மணி நேர சமூக சேவை, அத்துடன் மனநல ஆலோசனை. அந்த ஆலோசனையையும் அவர் தொலைபேசியிலேயே பெற்றுக்கொள்ள அனுமதி கிடைத்தது.

1992இல் விவாகரத்து ஆயிற்று. 1994 ஜூன் 12ஆம் தேதி இரவு நிக்கோலும் அவருடைய நண்பர் ஒருவரும் வீட்டு வாசலில் குத்திக் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். அந்தக் கொலை வழக்கில் 1995 அக்டோபரில் ஜூரிகள் சிம்ப்சனை விடுவித்தார்கள். 1997இல் சிவில் வழக்கில் இன்னொரு ஜூரி அந்தச் சாவுகளுக்கு அவர்தான் பொறுப்பு என்றது. கொலை வழக்கை நான் இங்கே மறுபடி நடத்த வரவில்லை. என் பேச்சு 1989 பற்றியது. உயிரோடு இருந்தபோது ஒரு பெண், என்னைக் கொன்றுவிடுவார் என்று போலீசிடம் சொன்னார். அதற்கு அன்று சட்டம் போட்ட விலை மொத்தம் 700 டாலர். அதைத்தான் சொல்கிறேன்.

ஒரே அலுவலகம், இரண்டு கதவுகள்

மூன்றாவது செய்திதான் எனக்கு மிகவும் உறைத்தது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ரே ரைஸ் பால்டிமோர் ரேவன்ஸ் என்ற அணியின் கால்பந்து வீரர். 2014 பிப்ரவரி 15ஆம் தேதி நியூ ஜெர்சி மாநிலத்து அட்லாண்டிக் சிட்டியில், ஒரு சூதாட்ட விடுதியின் லிஃப்டுக்குள், தான் மணக்க இருந்த பெண்ணை ஒரே குத்தில் மயங்கி விழச் செய்தார். நினைவில்லாத பெண்ணை லிஃப்டிலிருந்து இழுத்து வெளியே போட்ட காட்சி சில நாளிலேயே ஊர் முழுவதும் பரவியது. மூன்று முதல் ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய பிரிவில் குற்றம் சாட்டினார்கள். ஆனால் வழக்கு விசாரணைக்கே போகவில்லை. முதல் முறை தவறு செய்தவர்களைத் திருத்தும் திட்டம் ஒன்று அங்கே உண்டு. ஓராண்டு ஒழுங்காக நடந்துகொண்டால் வழக்கே இல்லாமல் போய்விடும். இப்படி அடித்துக் காயப்படுத்திய வழக்குகளுக்கு அந்தக் கதவு திறப்பது மிக அபூர்வம். ரைசுக்குத் திறந்தது. 2015 மே மாதம் வழக்கு தள்ளுபடியாயிற்று.

அதே மாவட்டம். அதே அரசு வழக்கறிஞர் அலுவலகம். ஏறத்தாழ அதே காலம். பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஓர் ஏழைத் தாய். இரண்டு குழந்தைகளைத் தனியாக வளர்ப்பவர். இரண்டு முறை வழிப்பறிக்கு ஆளானவர் என்பதால், உரிமம் பெற்று ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். 2013 அக்டோபரில் நியூ ஜெர்சி எல்லைக்குள் கார் ஓட்டி வந்தபோது போலீஸ் நிறுத்தியது. என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தாமாகவே சொன்னார். பென்சில்வேனியா உரிமம் நியூ ஜெர்சியில் செல்லாது என்பது அவருக்குத் தெரியாது. யாரையும் சுடவில்லை, மிரட்டவில்லை. அவரும் அதே திருத்தத் திட்டத்தைக் கேட்டார். கிடையாது என்றார்கள். மூன்றரை ஆண்டு சிறை அவரை எதிர்நோக்கி நின்றது. ரைசின் கதையையும் இவர் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்திரிகைகளும் பொதுமக்களும் கேள்வி கேட்ட பிறகுதான், 2014 செப்டம்பரில் அவருக்கும் அந்தக் கதவு திறந்தது. 2015 ஏப்ரலில் ஆளுநர் மன்னிப்பும் வழங்கினார்.

ஒரு பெண்ணை நினைவிழக்க அடித்தவருக்கு முதலிலேயே திறந்த கதவு, ஒருவருக்கும் தீங்கு செய்யாத தாய்க்கு, ஊரே கூடித் தட்டிய பிறகுதான் திறந்தது. சட்டப் புத்தகம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். கதவைத் திறக்கிற கை யாருக்குத் திறக்கிறது என்று பாருங்கள்.

விளையாட்டு அமைப்பு செய்ததையும் கேளுங்கள். 2014 ஜூலையில் லீக் ரைசுக்குக் கொடுத்த தண்டனை இரண்டு ஆட்டங்களுக்குத் தடை! செப்டம்பர் 8ஆம் தேதி லிஃப்டுக்குள் குத்து விழுந்த காட்சியும் வெளியே வந்தது. அதே நாளில் அணி அவரை நீக்கியது. லீக் காலவரையின்றித் தடை போட்டது. குற்றம் பிப்ரவரியில் நடந்தது. குத்து விழுந்தது எல்லோருக்கும் பிப்ரவரியிலேயே தெரியும். செப்டம்பரில் தெரியவந்தது ஒன்றே ஒன்றுதான்: ஊரும் அதைப் பார்த்துவிட்டது. கூட்டத்தின் கோபத்துக்குப் பயந்து லீக் புது விதி கொண்டுவந்தது, முதல் குற்றத்துக்கு ஆறு ஆட்டத் தடை என்று. 2016இல் ஜோஷ் பிரவுன் என்ற நியூயார்க் அணி வீரர் மனைவியை அடித்ததாகக் கைதான விவகாரத்தில் அதே லீக் கொடுத்தது ஒரே ஓர் ஆட்டத் தடை. எழுதி வைத்த பக்கங்கள் வெளியாகி ஊர் கொதித்த பிறகுதான் அவரும் நீக்கப்பட்டார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் சொன்ன முதல் மூவரும் கறுப்பினத்தவர். அதனால் அவர்கள் இனத்தையே பழிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரவுன் வெள்ளையர்தான். அமெரிக்கச் சிறைகளில் அடைபட்டுக் கிடக்கும் ஏழைக் கறுப்பினத்தவருக்கு இந்தச் சலுகையில் ஒரு துளியும் கிடைப்பதில்லை. கதவு திறக்காமல் நின்ற அந்தத் தாயும் கறுப்பினப் பெண்தான். சலுகை தோலுக்கு வரவில்லை. யாருடைய உடம்பு நாளைக்குப் பணம் சம்பாதித்துத் தருமோ, அந்த உடம்புக்கு வருகிறது. விளையாட்டு வீரர்கள் எல்லோரும் இப்படி என்றும் நான் சொல்லவில்லை. அடிப்பவன் எல்லாத் தொழிலிலும் இருக்கிறான். காப்பாற்ற ஆள் வரிசையில் நிற்பது சில தொழிலுக்குத்தான்.

ஏன் இப்படி நடக்கிறது?

முதல் காரணம், பணம். அமெரிக்காவில் தண்டனையில் முடிகிற குற்ற வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் விசாரணையே இல்லாமல், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பேரத்தில் முடிகின்றன. பேரம் என்றால் யாருக்கு நல்ல தரகர் இருக்கிறாரோ அவருக்கு லாபம். நம் நாட்டிலும் 2006 முதல் அந்தப் பேர முறை வந்தது. ஆனால் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கு அது கிடையாது என்று சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. அந்த மட்டும் நல்லது.

இரண்டாவது, அவரை நம்பிப் பிழைப்பவர்கள். அணி முதலாளி, விளம்பரக் கம்பெனி, டிக்கெட் விற்கிறவர், நகர நிர்வாகம் எல்லோருக்கும் அவர் மைதானத்தில் நின்றாக வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். அடிபட்டவளும் அவரை நம்பித்தான் பிழைக்கிறாள். அவர் ஆட்டம் போனால் அவள் அடுப்பும் அணைகிறது. ரைசும் அந்தப் பெண்ணும் குற்றச்சாட்டு பதிவான மறுநாளே திருமணம் செய்துகொண்டார்கள். மே மாதம் நிருபர்கள் முன்னால் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று இரவு தன் பங்குக்கும் வருந்துவதாக அடிபட்ட பெண்ணே சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளில் எத்தனை பெண்கள், "என் வாயும் சும்மா இருக்கல அண்ணே" என்று சொல்லிப் புகாரைத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள்! அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவளை மன்னிப்புக் கேட்க வைக்கிற வேலையை வறுமையும் செய்கிறது, கோடிப் பணமும் செய்கிறது.

நம் நாட்டு வீரர்கள் மீதும் இப்படி வழக்குகள் உண்டு. தீர்ப்பு வராத வழக்கை மேடையில் தீர்ப்பது முறையல்ல, அதை விட்டுவிடுகிறேன். நம் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன்.

நாம் செய்தது என்ன?

2011ஆம் ஆண்டு. நம் கபடி அணி இறுதிப் போட்டிக்கு வந்திருந்தது. பாடிப்போவதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று பேரெடுத்த ஒருவர் நம் அணியில் இருந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேர மனுப் போட்டிருந்தார். அந்த மனுவை எழுதிக் கொடுத்தவன் நான்தான். வெள்ளிக்கிழமை இரவு அவர் மனைவி கைக்குழந்தையோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். முகம் வீங்கியிருந்தது, உதடு கிழிந்திருந்தது. செய்தி வந்ததும் சங்கத்திலிருந்து நான்கு பேர் ஓடினோம். எதற்கு ஓடினோம்? அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவா? இல்லை. ஆட்டக்காரரை மீட்டுவர ஓடினோம்.

அங்கிருந்த அதிகாரியிடம் எனக்குத் தெரிந்த மராத்தியில் கெஞ்சினேன். வழக்கு என்று ஆனால் ரயில்வே வேலை கிடைக்காது, நல்ல பையன், ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே ஒரு என்.சி. எழுதி அனுப்பிவிட்டார். வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் நான் சொன்ன வார்த்தை இதுதான்: "ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடியட்டும் தங்கச்சி. அப்புறம் உக்காந்து பேசுவோம்."

கோப்பையை ஜெயித்தோம். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தோம். நானும் ஒரு தோள் கொடுத்தேன். திங்கட்கிழமை காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அந்தப் பெண் வாசலில் நின்றார். "அண்ணே, ஆட்டம் முடிஞ்சிருச்சு. இப்பப் பேசுவோமா?" என்றார். சாயங்காலம் பேசுவோம் என்றேன். சாயங்காலம் பேசினோம். அவர் காலில் விழுந்தார், இனி இல்லை என்றார், டீ குடித்துக் கலைந்தோம். ஒன்றரை மாதத்தில் அறைந்த அறையில் அந்தப் பெண்ணுக்கு ஒரு காது போயிற்று. அப்போதும் நான் உதவி செய்தேன். என்ன உதவி தெரியுமா? நாகர்கோவில் எக்ஸ்பிரசில் அவருக்கும் பிள்ளைகளுக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஊருக்கு ஏற்றிவிட்டேன். அடித்தவர் அதே அறையில், அதே அணியில் இன்னும் இரண்டு வருஷம் ஆடினார். அடிபட்டவர் ஊரை விட்டுப் போனார். அந்தக் கோப்பை இன்றும் நம் அலுவலக அலமாரியில் இருக்கிறது.

லாஸ் வேகாஸ் நீதிமன்றம் மே 5 வரை பொறுத்துக்கொண்டது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கச் சொன்னோம். அவர்கள் கோடி டாலருக்குச் செய்ததை, நாங்கள் ஒரு பித்தளைக் கோப்பைக்குச் செய்தோம்.

இதை இங்கே சொல்லலாமா என்று போன வாரம் அந்தச் சகோதரியிடம் போனில் கேட்டேன். ஊரில் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கிறார். "சொல்லுங்கண்ணே. ஆனா என்னப் பாவம்னு சொல்லாதீங்க. நீங்க பண்ணுனதச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன்.

சம்பளத்தைக் காப்பாற்றலாம், அடியைக் காப்பாற்ற வேண்டாம்

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்தேன். அவருக்கு வேலை போனால் அந்தக் குடும்பமே கெட்டுவிடும் என்று நினைத்தேன். இது பொய்யான பயமல்ல. ரயில்வே ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் சஸ்பென்ஷன் ஆனதாகவே கணக்கு; அதன்பின் முதல் சில மாதம் பாதிச் சம்பள அளவில்தான் பிழைப்பூதியம் வரும். இது தெரிந்துதான் நம் பெண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆனால் நான் படிக்காமல் விட்ட ஒரு சட்டம் அப்போதே இருந்தது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. தாய்மார்கள் இதை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கணவரை உடனே சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை. மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுத்தால், இனி அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். அதை மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. குடியிருக்கும் வீட்டிலிருந்து அவளை வெளியேற்ற முடியாது. வாடகை வீடானாலும் சரி, வீடு யார் பெயரில் இருந்தாலும் சரி. மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த குடும்ப வீடென்றால் அவளுக்கு அங்கே இருக்க உரிமை கேட்கலாம் என்று 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மருத்துவச் செலவு, ஜீவனாம்சம், நஷ்டஈடு கேட்கலாம். அவர் கொடுக்காமல் ஏமாற்றினால், அவர் வேலை செய்யும் இடத்துக்கே உத்தரவு போட்டு, சம்பளத்தில் ஒரு பகுதியை நேரே மனைவிக்குக் கொடுக்கச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. வேலையும் போகாது, அடுப்பும் அணையாது, அடியும் நிற்கும். 2011இல் நான் ஸ்டேஷனில் கெஞ்சிய நேரத்துக்கு இந்த மனுவை எழுதியிருக்கலாம்.

வழக்கு நடத்தப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாளுக்குள், முடிவு அதிலிருந்து 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கிறார்கள். அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். ஆபத்து நேரத்தில் 112, பெண்கள் உதவிக்கு 181. அடிபட்டால் அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கணவர் அடித்தார் என்று டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள். மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல்லாதீர்கள். அந்தச் சீட்டுதான் நாளைக்குச் சாட்சி.

கொடுமை மிதமிஞ்சினால் குற்ற வழக்கும் உண்டு. 1983இல் வந்த 498ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவாக இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை. பொய் வழக்குப் போடுகிறார்கள் என்று சில தோழர்கள் சொல்கிறீர்கள். யோசிக்காமல் கைது செய்யக் கூடாது என்று 2014இலேயே உச்சநீதிமன்றம் வழிமுறை வகுத்துவிட்டது. பொய் வழக்குக்கு நீதிமன்றம் இருக்கிறது. உண்மையான அடிக்கு நாம் ஸ்டேஷன் வாசலில் பஞ்சாயத்து செய்யலாகாது.

இது வடநாட்டுக்காரன் பழக்கம், நம்மிடம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019–21இல் மத்திய அரசு எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கணவரிடம் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 29 பேர். நாம் பிழைக்க வந்த மகாராஷ்டிரத்தில் 25. நாம் பெருமை பேசும் தமிழ்நாட்டில் 38. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும், மணவிலக்கு உரிமை வேண்டும் என்று 1929இலேயே செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட மண் அது! தீர்மானம் மேடையில் நின்றுவிட்டது, வீட்டுக்குள் வரவில்லை.

நான் முன்மொழிவது

ஆகவே செயற்குழுவின் முன் நான்கு தீர்மானங்களை வைக்கிறேன்.

ஒன்று: மனைவியை அடித்த புகாரில் சிக்கியவரை மீட்க இனி சங்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவரும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறக் கூடாது. அவர் கபடி வீரரானாலும் சரி, சங்கப் பொருளாளரானாலும் சரி, மேடையில் நிற்கும் நானானாலும் சரி. அவருக்கு வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு. அதை அவரே செய்துகொள்ளட்டும்.

இரண்டு: ஐந்து பெண்கள் கொண்ட குழு ஒன்று அமைய வேண்டும். புகார் சொல்லும் பெண்ணோடு ஆஸ்பத்திரிக்கும், பாதுகாப்பு அதிகாரியிடமும், நீதிமன்றத்துக்கும் அவர்கள் துணை போவார்கள். சமாதானம் வேண்டுமா என்பதை அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும். நாம் சொல்லக் கூடாது.

மூன்று: அந்தக் குழு இரு தரப்பையும் கேட்டு, அடித்தது உண்மை என்று கண்டால், ஆட்டக்காரருக்கு அணியில் இடமில்லை, நிர்வாகிக்குப் பதவியில்லை. இறுதிப் போட்டி மறுநாளே ஆனாலும் இதுதான் விதி. தோற்றால் தோற்றுவிட்டுப் போவோம்.

நான்கு: பொங்கல் விழாச் செலவில் ஒரு பகுதியைக் குறைத்து, அப்படிப்பட்ட குடும்பத்துக்கு மூன்று மாத அரிசியும் வாடகையும் தர ஒரு நிதி. பட்டினிக்குப் பயந்துதான் பெண்கள் புகாரைத் திரும்ப வாங்குகிறார்கள். அந்தப் பயத்தைச் சங்கம் ஏற்றுக்கொள்ளட்டும். முதல் தொகையாக என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைத் தருகிறேன்.

இளைஞர்களே, அந்தப் படத்தைக் கிழிக்கச் சொல்லி நான் உத்தரவு போடவில்லை. அவர் கையின் வேகம் உண்மையான வேகம்தான். ஆனால் கூடம் பெருக்கும் அம்மா நாளைக்கு உங்களிடம் கேட்பார், "யாரோட சண்டை போட்டாரு?" என்று. முழுப் பதிலையும் சொல்லுங்கள். சொன்ன பிறகு படம் இருக்கட்டுமா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும்.

தாய்மார்களே, நாங்கள் கேட்பது விளையாட்டு வீரருக்குக் கடுந்தண்டனை, மற்றவருக்கு இலகு தண்டனை என்பதல்ல. பயன்படுகிற ஆளுக்கு ஒரு தராசு, பயன்படாதவருக்கு ஒரு தராசு என்று இருக்கக் கூடாது என்பதுதான். சட்டமும் அப்படி இருக்கக் கூடாது. சங்கமும் அப்படி இருக்கக் கூடாது. ஆட்டம் முடியட்டும் என்று இனி இந்தச் சங்கத்தில் எந்தப் பெண்ணிடமும் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் எழுந்து நின்று கேளுங்கள். என்னையும் கேளுங்கள்.